பூஞ்சணம் பிடிக்காத ஏலக்காய்

மாத்தளை ஸ்டேஷனில் எங்களை அழைத்துப்போக வந்திருந்தது மூன்று பேர். கச்சேரியில், அதாவது அங்கத்து அரசாங்க ஆபீசில், கிளார்க் வேலை பார்க்கும் சிவபாதம், காரோட்டி சோமபால, கால் கட்டிய ஒரு சேவல். வந்திருக்க வேண்டியிருந்தும் வராதது இரண்டு பேர். ஒருவர், கடல் தாண்டி எங்களை வரவழைத்த ஏலக்காய் வியாபாரி செய்யது ஹாஜியார். இன்னொன்று, என் பேராசிரியரின் தோல்பெட்டி. ஹாஜியார் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். தோல்பெட்டி பதுளைக்குப் போயிருந்தது.

பெட்டி போனதற்கு நான்தான் பொறுப்பு. வண்டி மாறும் இடத்தில் அவசரமாக இரண்டை இறக்கிவிட்டு, இருக்கைக்கு அடியில் தள்ளியிருந்த மூன்றாவதை மறந்துவிட்டேன். நாங்கள் இல்லாமலே அது மலையேறிவிட்டது. அதற்குள் பேராசிரியரின் நான்கு வேட்டிகள், ஒரு டப்பா பருப்புப்பொடி, என் எட்டு மாத ஆராய்ச்சியின் அறிக்கை, தட்டச்சு செய்த ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகள். நாங்கள் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் பெட்டி வந்து சேர்ந்தது. வேட்டியும் காகிதமும் பத்திரமாக இருந்தன. பருப்புப்பொடியை மட்டும் யாரோ ரசித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் நிதானமாகச் சொல்வார். "யோசிக்காதேங்கோ. இஞ்ச பெட்டி களவு போகாது. ஆனா கெதியா ஓடி வரவும் வராது" என்றார். பேராசிரியர் யோசிக்காமல் இருக்க முயன்றார். காரில் அவர் காலடியில் கிடந்த சேவல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இது எதற்கு என்று விசாரித்தார். உங்களுக்குத்தான் என்று சிவபாதம் பணிவாகச் சொன்னார். பேராசிரியர் வேங்கடாசலம் முட்டைகூடத் தொடாத சைவர். அதன்பின் சேவல் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நாங்கள் ஏன் வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கண் வைத்தியத்துக்காக மதுரைக்கு வந்த ஹாஜியார், தூத்துக்குடியிலிருந்து ரயிலில் பேராசிரியருக்கு எதிரே உட்கார நேர்ந்தது. ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் எப்படிக் கைகோத்து வளர்ந்தன என்று பேராசிரியர் மணியாச்சியில் ஆரம்பித்தார். வண்டி விருதுநகரைத் தாண்டும்போது, மழைக்காலத்தில் தன் ஏலக்காயில் பூஞ்சணம் பிடிப்பதையும் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவதையும் ஹாஜியார் சொல்லிவிட்டார். மதுரை வந்தபோது தொழிலும் கல்வியும் கைகோத்தாகிவிட்டது.

உங்கள் மாத்தளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அவர்களைக் கேட்கக் கூடாதா என்று நான் பிறகு ஹாஜியாரைக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அங்கே சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் வாசலில் செருப்பு விடுகிற அத்தனை பேருக்கும் தன் பூஞ்சணம் தெரிந்துவிடும் என்றார். நோயைச் சொல்ல வெளியூர் வைத்தியர்தான் நல்லது என்பது அவர் கணக்கு.

பூஞ்சணத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லி நாங்கள் கடிதம் எழுதினோம். ஒரு மஞ்சள் டின் வந்தது. அதை ஆராயும் வேலை என்னிடம் வந்தது. எட்டு மாதம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் வைத்தேன், இருட்டில் வைத்தேன், ஊறவைத்த ரொட்டித்துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரொட்டியில் பூஞ்சணம் காடாக வளர்ந்தது. ஏலக்காயில் ஒரு புள்ளி விழவில்லை. பேராசிரியர் பூரித்துப்போனார். மாத்தளை ஏலக்காயின் தைலத்திலேயே பூஞ்சணத்தை விரட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் பிடிக்கிற பூஞ்சணம் கப்பலில் ஏறிக்கொள்கிறது என்று முடிவு கட்டினார். பூஞ்சணம் ஏன் இல்லை என்பது பற்றி நாற்பத்திரண்டு பக்கம் எழுதினோம். அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். அந்த இரண்டு வருஷத்துக்குத்தான் ஒப்பந்தம்.

அதில் எட்டு ஷரத்துகள். ஹாஜியார் ஆராய்ச்சிக்குப் பணம் தருவார். பல்கலைக்கழகம் அவர் சரக்கைச் சோதித்து முத்திரை தரும். வருஷத்துக்கு இரண்டு சிறந்த மாணவர்கள் அவர் கிட்டங்கியில் பயிற்சி பெறுவார்கள், படிப்பு முடிந்ததும் அவர் வேலை கொடுப்பார். எனக்கு முக்கியம் மூன்றாவது ஷரத்து. ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய். என் தற்காலிக வேலை சித்திரையோடு முடிகிறது. என் அப்பா கிணறு வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். எனக்குக் கீழே நான்கு தம்பிகள் காலெடுத்து வைக்கக் காத்திருக்கிறார்கள். மூன்றாவது ஷரத்து கையெழுத்தானால் அவர்கள் பள்ளிக்கூடம் போவார்கள். ஆகாவிட்டால் நான் கிணற்றுக்குள் இறங்குவேன்.

சாயங்காலம் ஹாஜியார் வீட்டில் விருந்து. அவர் உயரமானவர். பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டே போவார், நாம் குனிந்துகொண்டே போவோம். சேவலை நானும் சிவபாதமும் பார்த்துக்கொண்டோம். சிவபாதம் வெள்ளிக்கிழமை விரதக்காரர், ஆனால் விருந்தாளிக்குத் துணையாகச் சாப்பிடுவது விரதத்தில் சேராது என்றார். பேராசிரியருக்கு இடியப்பம், சொதி, பருப்பு. கடைசியில் வட்டிலப்பம் வந்தது. கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணந்தன. பேராசிரியர் ஒரு கிண்ணம் சாப்பிட்டு, கண்ணை மூடி, இதுவல்லவா சைவச் சாப்பாடு என்றார். இரண்டாவது கிண்ணமும் வந்தது. அதில் எட்டு முட்டை அடித்துச் சேர்த்திருப்பதை சிவபாதம் என் காதில் சொன்னார். நான் பேராசிரியர் காதில் சொல்லவில்லை. அவர் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார். சந்தோஷமாக இருக்கும் மனிதரைக் குறுக்கிடுவது எங்கள் ஊர்ப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை பேராசிரியர், வேட்டியெல்லாம் பதுளையில் இருந்ததால், ஹாஜியாரின் சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தொழிலுலகத்தைப் பார்க்கக் கிளம்பினார். இடுப்பில் நிற்காத அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்ததால், அன்று அவருடைய சொற்பொழிவுகளில் ஒரு கையசைப்புதான் இருந்தது.

கிட்டங்கி கடைத்தெருவுக்குப் பின்னால். உள்ளே போனதும் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் சேர்ந்து மூக்கில் அறைந்தன. எங்கள் கல்லூரிச் சோதனைச்சாலையில் எல்லாவற்றுக்கும் ஒரே நாற்றம். இங்கே ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகப் பேசியது. பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். நாற்பது வயதிருக்கும். இரத்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் குடியிருப்பவர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் கை காயைத் தொடுவதே தெரியவில்லை. நல்லது ஒரு பக்கமும் சொத்தை ஒரு பக்கமும் தானாகப் பிரிந்து ஓடுவதுபோல இருந்தது.

ஹாஜியார் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையை எனக்குக் காட்டினார். இரண்டு கைப்பிடி ஏலக்காய். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்க வேண்டும். எது சரியாகக் காய்ந்தது என்று சொல்ல வேண்டும். நன்றாகக் காய்ந்த காய் கலகலவென்று பேசுமாம். நான் கண்ணை மூடிக் குலுக்கினேன். எனக்கு இரண்டும் பேசின. யோசித்து, இடது கை என்றேன். பன்னிரண்டு பெண்களும் சிரித்ததில் விடை தெரிந்துவிட்டது.

"எம்எஸ்ஸீல மொத மார்க்குன்னாங்களே" என்று பாக்கியம் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

பூஞ்சணம் பிடித்த சரக்கைப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். ஹாஜியார் சட்டென்று தேநீர் வரவழைத்தார். மறுபடி கேட்டேன். முறுக்கு வந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, அதெல்லாம் இப்போது ஒன்றும் இல்லை மகன் என்று என் தோளில் கைபோட்டு, மிளகுப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். பார்த்தாயா, தைலம் வேலை செய்கிறது என்று பேராசிரியர் சாரத்தைப் பிடித்துக்கொண்டே என் காதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் உலர்த்தும் கொட்டகையைப் பார்க்க ஏற்பாடு. பேராசிரியர் வரவில்லை. வட்டிலப்பம் அவர் வயிற்றில் ஒப்பந்தத்துக்கு வர மறுத்தது. சோமபாலவும் நானும் கிளம்பினோம். மூன்று மைல் போனதும் கார் நின்றது. சோமபால மூடியைத் திறந்து, வெகுநேரம் பார்த்து, மூடி, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். வழியில் போன ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை காருக்கும் லீவுதானாம். எங்கள் ஊரில் டிரைவர்கள் இந்த மாதிரிச் சமயத்தில் வண்டியை உதைப்பார்கள், திட்டுவார்கள். சோமபால அதன் ஓய்வை மதித்தார்.

இரத்தோட்டை பஸ் வந்தது. ஏறினேன். தேயிலைத் தோட்டத்து ஜனம், அரிசிப் பை, ஒரு பலாப்பழம், அதன் சொந்தக்காரரான சிங்களக் கிழவர். ஜன்னலோரத்தில் பாக்கியம். டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பையை மடியில் ஏற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, அந்த மஞ்ச டின்னு ஒங்க காலேஜுக்கு ஒழுங்கா வந்து சேந்துச்சா?"

வந்தது, அதைத்தான் எட்டு மாதம் ஆராய்ந்தேன் என்றேன்.

"நான்தான் பொறுக்கினேன்" என்றார். குரலில் பெருமை. "மூணு நாளு. ரெண்டு மூட்டையக் கொட்டி ஒரு டின்னு எடுத்தேன். ஒரு காயில ஒரு புள்ளி இருக்கப்படாதுன்னுட்டாரு மொதலாளி. சீமைக்குப் போற மாதிரிகூட அப்புடிப் பொறுக்கினதில்ல."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. எனக்குள்ளும் ஏதோ திரும்பியது. "நாங்கள் கேட்டது பூஞ்சணம் பிடித்த காய்" என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில் அன்பும் சந்தேகமும் இருந்தன. "அதைப் போயி யாராச்சும் வெளியாளுக்கு அனுப்புவாங்களா?"

ஏலக்காய் வியாபாரத்தில் மாதிரி என்றால் கடையின் முகம். எந்த வியாபாரியும் தன் முகத்தைக் கழுவித்தான் அனுப்புவான். ஹாஜியாரிடம் நாங்கள் கேட்டதோ கழுவாத முகம். அவர் கடிதத்தைப் படித்திருக்கிறார், புரிந்தும் இருக்கிறார், கை மட்டும் வரவில்லை.

"எட்டு மாசமுமா பாத்தீங்க, நான் பொறுக்கினத?" என்று பாக்கியம் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. பலாப்பழக் கிழவர் என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். பாக்கியம் சிங்களத்தில் சொன்னார், எனக்குப் பொறுமையாக மொழிபெயர்த்துக்கொண்டே. கிழவர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் இந்த மாத்தயா, அதாவது ஐயா, ஏலக்காயைப் பார்க்கவில்லை, உன் கைவேலையைத்தான் பார்த்திருக்கிறார் என்றாராம். பின்னாலிருந்து ஒரு குரல், பெண் பார்க்கப் போகிறவன்கூட எட்டு மாதம் பார்க்கமாட்டானே என்றதாம். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். என் ஆராய்ச்சி முடிவுகள் முதன்முதலாக வெளியானது இரத்தோட்டை பஸ்ஸில்தான்.

கொட்டகை மழைக்குப் பூட்டிக் கிடந்தது. பாக்கியம் என்னை லயத்துக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தார். ஒரே அறை, முன்னால் ஒரு சின்ன அடுப்படி. அவர் கணவர் எனக்கு ஒரே நாற்காலியைத் தந்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தேநீரில் ஏலக்காய் மணம். ஆனால் ஓரத்தில் ஏதோ ஈரமரத்தின் வாடை. பாதி குடித்தபிறகுதான் அடுப்புக்கு மேலே பலகையில் இருந்த டப்பாவைப் பார்த்தேன். அதில் இருந்த காய்கள் சாம்பல் பூத்து, கறுத்து, சில வெள்ளை மயிர் முளைத்து இருந்தன.

எட்டு மாதமாக நான் தேடியது இதுதான். கடையில் கழித்ததை ஹாஜியார் பொறுக்குகிற பெண்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார், வெயிலில் காயவைத்துத் தேத்தண்ணிக்குப் போட்டுக்கொள்வோம் என்றார் பாக்கியம். நான் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன். பிறகு மீதியையும் குடித்தேன். ஆராய்ச்சியின் நன்மைக்காக.

ஒரு கைப்பிடி கேட்டேன். பாக்கியத்தின் முகம் மாறியது. "மொதலாளிக்குத் தெரிஞ்சா எனக்கு வேல போயிரும் தம்பி" என்றார். பேரைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் மழையைப் பார்த்தார். கடைசியில் ஒரு நீலத்துணித் துண்டை எடுத்து, ஒரு கைப்பிடி போட்டு, முடிந்து, என் கையில் வைத்தார்.

"கண்ணு நோகப் பாத்திருக்கீங்க. ஒரு தடவ நெசமானதையும் பாருங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் என்னை யாருக்கும் தெரியவில்லை. நிம்மதியாக யோசித்தேன். சொல்லாமல் விட்டால் மாதம் நூற்றைம்பது ரூபாய். இல்லாத ஏதோ ஒன்றை இரண்டு வருஷம் தேடலாம். அதன்பின் ஒரு நாள் எந்தப் பரீட்சகராவது ஒரு கடையில் இரண்டணாவுக்கு ஏலக்காய் வாங்கி, பூஞ்சணத்தைப் பார்த்து, என்னைக் கூப்பிடுவார். சொன்னால் நாற்பத்திரண்டு பக்கமும் போகும், பேராசிரியர் முகம் போகும், ஒப்பந்தம் போகும், சித்திரையோடு நானும் போவேன். சட்டைப்பையில் இருந்த முடிச்சு கனத்தது. ஒரு அவுன்ஸ் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சாரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்க்காமல், துணியின் இடுக்கை விலக்கி உள்ளே பார்த்தார். நுண்ணோக்கி தேவைப்படவில்லை. அதை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதை யார் யார் பார்த்தார்கள்?"

"நான் மட்டும் சார்." ஒரு பஸ் நிறைய ஜனத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்படியென்றால் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்றார். ஒப்பந்தம் முதலில், கண்டுபிடிப்பு இரண்டாம் கட்டத்தில் என்று என்னை முன்னால் நடக்கச் சொன்னார்.

ஹாஜியார் வீட்டுக் கூடத்தில் மேசை போட்டிருந்தது. தட்டச்சுப் பிரதிகள் பதுளையில் இருந்ததால் என் கையெழுத்தில் புதிதாக எழுத வேண்டும். ஷரத்துகள் எனக்கு மனப்பாடம். எழுதிக்கொண்டே உரக்கப் படித்தேன். சாட்சியாக சிவபாதம், வெள்ளைச் சட்டையில், பேனா மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு.

"முதல் ஷரத்து. மாத்தளை ஏலக்காயில் பூஞ்சணம் பிடிப்பதில்லை என்று ஆய்வில் கண்டிருப்பதால்" என்று படித்தேன். ஹாஜியார் கூரையைப் பார்த்தார். பேராசிரியர் ஹாஜியாரின் கூரையைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் மற்ற இருவருக்காகவும் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் தெரியாதவர் சிவபாதம் ஒருவர்தான்.

அவர் தொண்டையைச் செருமினார். "குறை நினைக்காதேங்கோ. சாட்சி வைக்கிறவன் விளங்கித்தான் வைக்க வேணும். பூஞ்சணம் இல்லையெண்டா, இரண்டு வருஷம் என்னத்தை ஆராயப் போறியள்?"

தெருவில் ஒருவன் பாண் ரொட்டி விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் கடைத்தெருத் திருப்பம்வரை போய் மறையும் வரைக்கும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நீலத்துணி முடிச்சை மேசையில் வைத்தேன்.

ஹாஜியார் அதை அவிழ்க்கவே இல்லை. விரலால் முடிச்சைத் தடவினார். "இது எங்கட பாக்கியம் போடுற முடிச்சு" என்றார். கடைக்கு ஆள் அனுப்பினார். நான் செய்த சத்தியம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

பாக்கியம் வந்து கதவோரம் நின்றார். ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார், நாங்கள் குனிந்தோம். "நீ குடுத்தியா?"

"நான்தாங்க மொதலாளி. தம்பி கேட்டுச்சு, குடுத்தேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்தார்: "எட்டு மாசம் நான் பொறுக்கினதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

ஹாஜியாரின் காது சிவந்தது. பேராசிரியர் இதுதான் சமயம் என்று நிமிர்ந்தார். மாதிரி என்பது உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், நல்லதைப் பொறுக்கி அனுப்பினால் விஞ்ஞானம் எப்படி வளரும், ஜெர்மனியில் என்று தொடங்கினார். குற்றமெல்லாம் வியாபாரத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக்கூட ஆறுதலாக இருந்தது.

ஹாஜியார் முழுவதும் கேட்டார். பிறகு என்னைக் காட்டி, பேராசிரியரிடம் கேட்டார்:

"ப்ரொபசர், ஒங்கட காலேஜில எத்தின பிள்ளைகள் ஈக்குது? அதில பெயிலான ஒண்ணையாவது எனக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தீங்களா? மொத மார்க்குப் பிள்ளையத்தானே பொறுக்கிக் கொண்டுவந்தீங்க."

பேராசிரியர் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மகன் நல்ல பிள்ளை" என்று ஹாஜியார் தொடர்ந்தார். "ஆனா காதில வெச்சுக் குலுக்கினா ஒண்டும் கேக்கல்ல." பாக்கியம் கதவோரத்தில் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்.

சிவபாதம் மட்டும்தான் நிதானமாக இருந்தார். இப்ப எல்லாரும் விளங்கித்தானே இருக்கிறியள், அப்ப எழுதுங்கோ என்றார்.

முதல் ஷரத்தை அடித்தேன். மத்தியானம்வரை புதிதாக எழுதினோம். பேராசிரியர் எங்கள் நாற்பத்திரண்டு பக்கத்தை 'நல்ல ஏலக்காய் பற்றிய பூர்வாங்க ஆய்வு' என்று பெயர் மாற்றிக் காப்பாற்றினார். மாணவர்களை மார்க் பார்த்து அனுப்பக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்று ஹாஜியார் ஒரு ஷரத்து கேட்டார். பேராசிரியருக்கு உயிரே போய்விட்டது. ஒருவரைச் சீட்டில், ஒருவரை மார்க்கில் என்று படிந்தது. இனி ஏலக்காய் மாதிரியைக் கையால் பொறுக்கக் கூடாது, மாதாமாதம் மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செருகி வருவதை அப்படியே டின்னில் போட வேண்டும் என்று நான் கேட்டேன். ஹாஜியார் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பினார். "கெட்டது எண்டு எழுதாதீங்க, மகன். வேற மாதிரி எழுதுங்க" என்றார். 'எல்லாத் தரமும்' என்று எழுதினேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. குத்தூசியை யார் செருகுவது? ஹாஜியார் தன்னால் முடியாது என்றார். கை தானாக நல்ல மூட்டைக்குத்தான் போகும், அறுபது வருஷப் பழக்கம் என்றார். கணக்கப்பிள்ளை முதலாளி முகத்தைப் பார்ப்பார். நான் வருஷத்தில் மூன்று மாதம்தான் மாத்தளையில் இருப்பேன். நால்வரும் ஒரே சமயத்தில் கதவோரம் திரும்பினோம்.

பாக்கியம் உடனே சரி என்று சொல்லவில்லை. பொறுக்குகிற வேலைக்குக் கூலி கிடைக்கிறது, இது பொறுக்காமல் இருக்கிற வேலை, இதற்கு என்ன கூலி என்று கேட்டார். ஹாஜியார் மாதம் இருபது என்றார்.

"மொதலாளி மொகத்துக்கு நேரா நின்னு கெட்டத எடுக்கணும். இருவதுக்கு முடியாதுங்க. எழுவது."

முப்பது, நாற்பது என்று ஏறி அறுபதில் நின்றது. ஹாஜியார் கையை விரித்துவிட்டார். ரெண்டு வருஷத்துக்கு ஒதுக்கினது ஒதுக்கினதுதான், அதுக்கு மேல ஒரு சதம் இல்ல, அதுக்குள்ளயே பங்கு போட்டுக்கொள்ளுங்க என்றார். பேராசிரியர் ஷரத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சோதனைச்சாலைக் கருவிகளில் கைவைக்க முடியாது. மாணவர் செலவில் முடியாது. மூன்றாவது ஷரத்தில் வந்து அவர் பார்வை நின்றது. பிறகு என்னை அன்போடு பார்த்தார்.

எழுதுகிற பேனா என் கையில்தான் இருந்தது. ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதம் தொண்ணூறு ரூபாய், மாதிரி எடுப்பவர் பாக்கியத்துக்கு மாதம் அறுபது ரூபாய் என்று என் அழகான கையெழுத்தில், இரண்டு பிரதியும் எழுதினேன். சிவபாதம் விளங்கிச் சாட்சி வைத்தார்.

தம்பிகளில் இரண்டு பேர் அந்த ஆனியில் பள்ளிக்கூடம் போனார்கள். மற்ற இரண்டு பேர் இன்னும் இரண்டு வருஷம் பொறுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு கைப்பிடி ஏலக்காய்க்கு எங்கள் வீடு கொடுத்த விலை, இருபத்து நான்கு மாதத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.